நல்ல பெட்டி ஏன் தோற்றது?

சென்ற மாதம் ஒரு தாயாரிடமிருந்து எமக்குக் கடிதம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு மாதங்களே ஆகின்றன என்று எழுதியிருந்தார். அவருடைய பத்து வயது மகன் தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் விளையாட்டுப் பெட்டி ஒன்று கேட்டிருக்கிறான். கணவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர், தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டபடியால், பழைய பெட்டி ஒன்றையும் பதினைந்து இறுவட்டுகளையும் மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்திருக்கிறார். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் மகன் இரண்டு நாள் விளையாடிவிட்டு அதை மூலையில் வைத்துவிட்டான். வகுப்பில் எல்லோரும் வைத்திருக்கும் பெட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். "கஷ்டத்தைக் கண்ணால் கண்டு வந்த பிள்ளைக்கு இந்த ஆடம்பரம் எங்கிருந்து வந்தது? நாங்கள் விட்டுக் கொடுப்பதா, கண்டிப்பதா?" என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

இந்தப் பக்கத்தில் நாம் வழமையாக விண்ணப்பப் படிவங்கள், பாடசாலை அனுமதி, வீட்டு வாடகை என்றுதான் எழுதி வருகிறோம். விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுவோம் என்று நினைத்ததில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வாசித்தபோது தோஹாவில் நாம் இருந்த அறையும், அங்கே எம்முடன் இருந்த ஓர் அண்ணையும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆகவே பதிலைக் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரின் தலைநகரான தோஹாவின் தென்மேற்கே, சல்வா வீதிப் பக்கமாக இருக்கிறது தொழில்பேட்டை. அங்கே தெருக்களை இலக்கத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கராஜ்கள், இரும்புப் பட்டறைகள், பலகைக் கிடங்குகள், அவற்றுக்கு நடுவே வேலையாட்கள் தங்கும் காம்புகள். 2000 ஆம் ஆண்டில் நாம் அங்கே ஒரு களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தோம். அறைக்கு எட்டுப் பேர், இரட்டைத் தட்டுக் கட்டில்கள் நான்கு. யாழ்ப்பாணத்தார் இருவர், மட்டக்களப்பார் ஒருவர், இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், கேரளத்தார் இருவர், மன்னார் அண்ணை, நாம்.

மன்னார் அண்ணைக்கு வெல்டிங் வேலை. அவருடைய குடும்பம் 1990 இல் வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் ஒன்பது வருடம் இருந்து, 1999 இல் மனைவியின் தமையனிடம் ஜேர்மனி போய்ச் சேர்ந்திருந்தது. மூத்த மகன் முகாமில் பிறந்தவன். அண்ணை தாமும் அங்கே போவதற்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். "அடுத்த வருசம் வந்திடுவன்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் தொலைபேசியில் சொல்வார். மகன் முதலில் "எப்ப?" என்று கேட்டானாம். பிறகு கேட்பதை விட்டுவிட்டானாம்.

எமது அறையில் ஒரு சீட்டு நடந்தது. ஆளுக்கு மாதம் 100 ரியால், எட்டுப் பேர், குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 800 ரியால். அந்த மார்கழியில் அண்ணையின் பெயர் வந்தது. மகன் ஒரு விளையாட்டுப் பெட்டி வேண்டும் என்று கேட்டிருந்தான். என்ன பெட்டி என்று அவனும் விளக்கமாகச் சொல்லவில்லை, அண்ணையும் கேட்கவில்லை. கடைக்குப் போவதற்கு முதல் அறையில் பெரிய ஆலோசனை நடந்தது.

அப்போது இரண்டு பெட்டிகளின் பெயர்தான் அடிபட்டது. ஒன்று சேகா கொம்பனியின் ட்றீம்காஸ்ற். மற்றது சொனி கொம்பனி அந்த ஆண்டுதான் வெளியிட்டிருந்த இரண்டாவது பிளேஸ்ரேசன். சொனியின் பெட்டிக்கு அமெரிக்காவில் 299 டொலர், அதாவது ஏறக்குறைய 1,088 ரியால். அதுவும் அந்த ஆண்டு முடிவில் உலகம் முழுவதும் தட்டுப்பாடு. சேகாவின் பெட்டி 149 டொலராகக் குறைந்திருந்தது. மின்சார சாமான் திருத்துவதில் கெட்டிக்காரரான இராமநாதபுரத்துத் தம்பி தீர்ப்புச் சொன்னார்: "அண்ணே, படம் இதுலதான் சுத்தமா இருக்கு. விலையும் கம்மி. அந்தப் பெட்டி கடையில கிடைக்கவே மாட்டேங்குது. யோசிக்காம இதையே வாங்குங்க." நாமும் தலையாட்டினோம். பெட்டி, மேலதிகக் கைப்பிடி ஒன்று, இரண்டு இறுவட்டு எல்லாமாக 780 ரியால். தைப்பொங்கலுக்குச் சேரும்படி பார்சல் ஜேர்மனிக்குப் போனது.

2001 ஜனவரி 31 ஆம் திகதி சேகா கொம்பனி ஓர் அறிவித்தல் விட்டது. ட்றீம்காஸ்ற் உற்பத்தியை மார்ச் மாத முடிவுடன் நிறுத்துகிறோம், இனி வீட்டு விளையாட்டுப் பெட்டி செய்யப்போவதில்லை, மற்றவர்களின் பெட்டிகளுக்கு விளையாட்டுகளை மட்டும் எழுதிக் கொடுப்போம் என்பது அதன் சாரம். அலுவலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் அதைக் கண்ட நாமே அண்ணையிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே அமெரிக்காவில் அதன் விலை 99 டொலருக்கு இறங்கியது. எமது சீட்டோ இன்னும் முடியவில்லை. அண்ணை மாதாமாதம் 100 ரியால் கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல சாமான் எண்டுதானே எல்லாரும் சொன்னீங்கள், பிறகேன் தோத்தது?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடித் தேடி வாசித்து அறிந்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

சேகா என்பது யப்பானியச் சொல் அல்ல. சேர்விஸ் கேம்ஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைச் சேர்த்தால் வருவது. அமெரிக்கப் படைத்தளங்களில் நாணயம் போட்டு ஆடும் இயந்திரங்களை வைத்த வியாபாரத்தில் பிறந்த பெயர் அது. 1965 இல் டேவிட் றோசன் என்ற அமெரிக்கர் யப்பானில் நடத்திய நிறுவனத்துடன் அந்த வியாபாரம் இணைந்து சேகா என்டர்பிறைசஸ் ஆனது. நாணயத்தில் பிறந்த கொம்பனி அது. தமிழில் நாணயம் என்றால் காசு மட்டுமல்ல, சொன்ன சொல்லைக் காப்பதும் நாணயம்தான். இந்தக் கதையில் இரண்டும் வருகின்றன.

1988 இல் சேகா மெகா ட்றைவ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதற்கு ஜெனிசிஸ் என்று பெயர். 1991 இல் சோனிக் என்ற நீல நிற முள்ளெலி ஓடத் தொடங்கியதும் அதுவரை தனிக்காட்டு ராசாவாக இருந்த நின்ரென்டோவே கலங்கியது. ஏறக்குறைய 3 கோடி மெகா ட்றைவ் பெட்டிகள் விற்றன.

வளைகுடா நாடுகளிலும் சேகாவுக்கு ஒரு தனி இடம் இருந்தது. குவைத்தைச் சேர்ந்த முகமது அல் ஷாரிக் என்பவரின் அல் ஆலமியா நிறுவனம் 1980களில் ஸக்ர் என்ற பெயரில் அரபு மொழிக் கணினிகளை விற்றது. அரபுப் பிள்ளைகள் தம் சொந்த எழுத்தைத் திரையில் கண்டது அந்தக் கணினிகளில்தான். 1990களின் முற்பகுதியில் வந்த ஏஎக்ஸ்-990 என்ற ஸக்ர் கணினியின் உள்ளே சேகாவின் மெகா ட்றைவும் சேர்த்தே வைக்கப்பட்டிருந்தது. பாடமும் ஒரே பெட்டி, விளையாட்டும் ஒரே பெட்டி. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது எம்மவர்கள் பலர் கையில் கிடைத்த பையுடன் பாலைவனத்தால் ஓடியதை வாசகர்கள் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஸக்ர் நிறுவனமும் அந்தக் காலத்தில்தான் குவைத்தை விட்டு எகிப்துக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வளவு பேர் விரும்பிய கொம்பனி எங்கே சறுக்கியது? முதலாவது, வாங்கியவர்களைத் திரும்பத் திரும்பக் கைவிட்டதில் சறுக்கியது. மெகா ட்றைவ் வைத்திருப்பவர்கள் அதனுடன் பூட்டுவதற்கென்று 1991 இல் ஓர் இறுவட்டுக் கருவி வந்தது. அதற்கு விளையாட்டுகள் போதியளவு வரவில்லை. 1994 நவம்பரில் 32எக்ஸ் என்ற இன்னொரு பூட்டுக் கருவி அமெரிக்காவில் 159 டொலருக்கு வந்தது. அதே மாதத்திலேயே யப்பானில் சேகா அடுத்த புதுப் பெட்டியை விற்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 159 டொலர் கொடுத்த தகப்பனுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! 32எக்ஸுக்கு எழுதிய விளையாட்டுகள் புதுப் பெட்டியில் ஓடா. மெகா ட்றைவ் விளையாட்டுகளும் அதில் ஓடா.

அந்தப் புதுப் பெட்டியின் பெயர் சற்றேன். தமிழில் சனி. சேகா தன் வேலைத்திட்டங்களுக்குக் கிரகங்களின் பெயரை வைப்பது வழக்கம். எமது ஊர்ச் சாத்திரியாரைக் கேட்டிருந்தால் அந்தப் பெயர் வேண்டாம் என்று ஐந்து ரூபாவுக்கே சொல்லியிருப்பார். 1994 நவம்பரில் பிடித்த சனி, ஏழரை வருடம் முடிவதற்கு முன்பே கொம்பனியைப் பெட்டி வியாபாரத்திலிருந்து தூக்கிவிட்டது. பகிடியை விடுவோம். உண்மையான காரணம் கிரகத்தில் இல்லை.

1995 மே 11 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் விளையாட்டுக் கண்காட்சி ஒன்று நடந்தது. சற்றேன் பெட்டியை அமெரிக்காவில் செப்ரெம்பர் 2 ஆம் திகதி வெளியிடுவோம் என்று சேகா முன்னரே சொல்லியிருந்தது. கடைக்காரர்கள் அந்த நாளை நம்பி இடம் ஒதுக்கியிருந்தார்கள். விளையாட்டு எழுதுபவர்களும் அந்த நாளை வைத்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அன்று மேடையில், பெட்டி இன்றே கடையில் இருக்கிறது, விலை 399 டொலர் என்று சேகா அறிவித்தது. போட்டியாளரை முந்திவிட வேண்டும் என்ற அவசரம். பெட்டி கிடைத்தது நான்கே நான்கு கடைத் தொடர்களுக்கு. பெட்டி கிடைக்காத கடைகளில் ஒன்றான கே.பி. ரோய்ஸ் சேகாவின் சாமான்களையே விற்கமாட்டோம் என்று நிறுத்திக்கொண்டது. விளையாட்டு எழுதுபவர்களிடம் விற்பதற்கு ஒன்றும் தயாராக இருக்கவில்லை.

அதே நாளில் அதே கண்காட்சியில் சொனியின் பேச்சாளர் மேடையேறினார். ஒரேயொரு எண்ணைச் சொன்னார், 299. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மண்டபம் கை தட்டியது. நூறு டொலர் குறைவு.

இதை நாம் எமது அறைச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. சீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, சாட்சி இல்லை. ஒருவர் ஒரு மாதம் கட்டாமல் தவணை சொன்னால் அந்தச் சீட்டு எப்படியோ ஓடி முடிந்துவிடும். ஆனால் அடுத்த சீட்டு தொடங்கும்போது அவர் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவர் பிறகு எவ்வளவு நல்லவராக நடந்தாலும் இடம் கிடைப்பது கஷ்டம். சேகாவுக்கு நடந்ததும் இதுதான். இறுவட்டுக் கருவி ஒரு தவணை, 32எக்ஸ் ஒரு தவணை, சற்றேன் ஒரு தவணை. 1997 இல் சேகாவின் அமெரிக்கத் தலைவரே, சற்றேன் எமது எதிர்காலம் அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னார். பெட்டி அப்போதும் கடையில் விலைக்கு இருந்தது!

சொனி எப்படி நடந்துகொண்டது? அதுவும் ஒருகாலத்தில் நன்றாக அடிபட்ட கொம்பனிதான். எமது வீடுகளில் படக் கொப்பி போட்டுப் பார்த்த டெக்குகளை எண்ணிப் பாருங்கள். எல்லாம் வி.எச்.எஸ். வகைதான். அதற்கு முன்னரே, 1975 இல், சொனி பீற்றாமக்ஸ் என்ற நாடாவைக் கொண்டுவந்திருந்தது. படம் அதில் நன்றாக இருந்தது என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு மணித்தியாலம்தான் பதியலாம். 1976 இல் வந்த வி.எச்.எஸ். நாடாவில் இரண்டு மணித்தியாலம். பல கொம்பனிகள் வி.எச்.எஸ். பக்கம் சேர்ந்தன. கடைகளில் அந்த நாடாக்கள் நிறைந்தன. பக்கத்து வீட்டில் எந்த நாடா இருக்கிறதோ அதையே நாமும் வாங்கினோம், கொப்பி மாற்றிப் பார்க்க வேண்டும் அல்லவா! நல்ல பெட்டி தோற்பது எப்படி என்பதைச் சொனி பணம் கொடுத்துப் படித்தது.

விளையாட்டுப் பெட்டி விடயத்திலும் சொனிக்கு முதலில் அவமானம்தான் கிடைத்தது. நின்ரென்டோவுடன் சேர்ந்து இறுவட்டுப் பெட்டி செய்ய ஒப்பந்தம் இருந்தது. 1991 இல் நின்ரென்டோ சொனியை விட்டு பிலிப்ஸ் கொம்பனியுடன் சேர்ந்துகொண்டது. சொனியில் இருந்த கென் குத்தராகி என்ற பொறியியலாளர் விடவில்லை. தனியாகவே செய்வோம் என்று நின்றார். 1994 டிசம்பர் 3 ஆம் திகதி யப்பானில் முதலாவது பிளேஸ்ரேசன் வந்தது. அதற்கு விளையாட்டு எழுதுவது இலகு. சற்றேனுக்குள் இரண்டு பிரதான சில்லுகள், இரண்டையும் ஒன்றாக வேலை வாங்குவது எழுதுபவர்களுக்குப் பெரும் தலைவேதனை. முடிவில் பிளேஸ்ரேசன் 10 கோடிக்கு மேல் விற்றது. சற்றேன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை.

இந்த நிலையில்தான் ட்றீம்காஸ்ற் வந்தது. 1998 நவம்பர் 27 இல் யப்பானில், 1999 செப்ரெம்பர் 9 இல் அமெரிக்காவில், ஒக்டோபரில் ஐரோப்பாவில். உண்மையிலேயே அது நல்ல பெட்டி. படம் துல்லியம். தொலைபேசிக் கம்பி மூலம் மற்றவர்களுடன் விளையாடுவதற்கான கருவி அதன் உடம்போடு சேர்ந்தே வந்தது. அமெரிக்காவில் முதல் 24 மணித்தியாலத்தில் 2 இலட்சத்து 25 ஆயிரம் பெட்டிகள் விற்றன. சேகா பழைய பிழைகளைத் திருத்திக்கொண்டுதான் வந்திருந்தது. ஆனால் பழைய கடன்களும் பழைய பெயரும் கூடவே வந்தன. பெரிய விளையாட்டுக் கொம்பனிகளில் ஒன்றான எலெக்ரோனிக் ஆட்ஸ் அதற்கு ஒரு விளையாட்டும் எழுதவில்லை. உதைபந்தாட்டத்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பெயர்போன கொம்பனி அது. அந்த இடைவெளியை நிரப்பச் சேகா தானே ஓடித்திரிய வேண்டியிருந்தது.

சொனியின் இரண்டாவது பெட்டி 2000 மார்ச் 4 ஆம் திகதி யப்பானில் வந்தது. விலை கூட. ஆனால் இரண்டு விடயங்கள் அதில் இருந்தன. ஒன்று, டிவிடி படம் போட்டுப் பார்க்கலாம். அந்த நேரம் டிவிடி பார்ப்பதற்கென்றே தனிக் கருவி வாங்குபவர்கள் இருந்தார்கள், ஒன்றை வாங்கினால் இரண்டும் ஆயிற்று. மற்றது அதைவிடப் பெரிது. பழைய பிளேஸ்ரேசனின் இறுவட்டுகளில் மிகப் பெரும்பாலானவை புதுப் பெட்டியிலும் ஓடின. ஐந்து வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த இறுவட்டுகள் வீணாகவில்லை. நீ என்னை நம்பி முன்னர் கொடுத்த காசுக்கு இன்றும் பெறுமதி உண்டு என்று சொல்வது போன்றது அது. மெகா ட்றைவும் சற்றேனும் வாங்கியவர்களுக்குச் சேகா இதைச் சொல்லவில்லை.

கள்ளக் கொப்பியால்தான் ட்றீம்காஸ்ற் அழிந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அதன் பூட்டை 2000 இல் உடைத்துவிட்டார்கள் என்பதும், வெறும் இறுவட்டில் பதிந்தே விளையாடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் பிளேஸ்ரேசனுக்கும் கள்ளக் கொப்பி தாராளமாக இருந்தது. அது அழியவில்லையே! கொப்பி அடிப்பது நோயைக் கூட்டியிருக்கலாம். நோய் முதலே இருந்தது.

சேகாவின் தலைவர் இசாவோ ஓகாவா வயதாகி நோயுற்றிருந்தார். கொம்பனி கடனில் மூழ்குவதைக் கண்டு, ஏறக்குறைய 69 கோடி 50 இலட்சம் டொலர் பெறுமதியான தன் சொந்தப் பங்குகளைக் கொம்பனிக்கே திருப்பிக் கொடுத்தார். 2001 மார்ச் 16 இல் காலமானார். அந்தப் பணத்தால் கொம்பனி பிழைத்தது, இன்றும் விளையாட்டுகள் எழுதி விற்கிறது. சோனிக் முள்ளெலி அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய எதிரியான நின்ரென்டோவின் பெட்டிகளிலேயே ஓடத் தொடங்கியது. ட்றீம்காஸ்ற் விற்றது சுமார் 91 இலட்சம். இரண்டாவது பிளேஸ்ரேசன் 15 கோடிக்கும் மேல்.

இனி மன்னார் அண்ணையின் கதைக்கு வருவோம்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர் ஜேர்மனிக்குக் கதைத்துவிட்டு அறைக்கு வந்து நெடுநேரம் கட்டிலில் பேசாமல் இருந்தார். மகன் சொன்னதை அப்படியே எமக்குச் சொன்னார். "அப்பா, பெட்டி வடிவா வேலை செய்யுது. ஆனா என்ர வகுப்பில ஒருத்தரிட்டையும் இது இல்லை. திங்கக்கிழமையில எல்லாரும் சீடி மாத்துவினம். என்னட்டை மாத்த ஒண்டுமில்லை."

பையனுக்கு அப்போதுதான் ஜேர்மன் மொழி கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை இறுவட்டு மாற்றும்போது பெரிதாகப் பேசத் தேவையில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாம், இதை எப்படி வெல்வது என்று கையால் காட்டலாம், பின்னேரம் ஒருவன் வீட்டுக்கு மற்றவன் போகலாம். அவன் கேட்ட பெட்டி அதற்குத்தான். "நான் விலையைப் பாத்தன், படத்தைப் பாத்தன். நீ ஆரோட விளையாடப் போறாய் எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை" என்றார் அண்ணை.

எட்டுப் பேரும் மீண்டும் ஆலோசித்தோம். இராமநாதபுரத்துத் தம்பிக்குத் தன் தீர்ப்புப் பிழைத்துவிட்டதே என்று மனவருத்தம். அவரே ஒரு வழியும் சொன்னார். சொனிப் பெட்டியின் முகப்பில் கைப்பிடி பூட்டும் துவாரம் இரண்டுதான், ட்றீம்காஸ்றில் நான்கு. இருக்கிற பெட்டியில் நான்கு பேர் ஒன்றாக விளையாடலாம், வேறெதுவும் வாங்கத் தேவையில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் நஜ்மாவில் இருக்கும் சூக் அல் ஹராஜ் சந்தைக்குப் போனார்கள். பழைய தளபாடம், பழைய ரி.வி., எல்லாம் விற்கும் சந்தை அது. இரண்டு கைப்பிடிகளும், இருவர் இருவராகச் சேர்ந்து நால்வர் ஆடக்கூடிய வேர்ச்சுவா ரெனிஸ் என்ற இறுவட்டும் மலிவாகக் கிடைத்தன. அறையில் எல்லோரும் பத்துப் பத்து ரியால் போட்டோம்.

அந்தப் பார்சல் போய்ச் சேர்ந்த பின்னர், வகுப்புப் பிள்ளைகள் மூவர் ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்கு வந்தார்களாம். வீட்டில் கதிரை போதாது, மெத்தையில் இருந்து விளையாடினார்களாம். தாயார் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தாராம். ஜேர்மன் பிள்ளைகள் அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார்களாம், ரோல்ஸுக்கா ரெனிஸுக்கா என்பது தெரியாது. திங்கட்கிழமை மாற்றுவதற்கு அவனிடம் அப்போதும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அதைப்பற்றி அவன் பிறகு சொல்லவில்லை.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு நாம் சொல்லக்கூடியவை இவைதான்.

மகனை ஆடம்பரக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அவனிடம், பெட்டியின் பெயரைக் கேட்பதற்கு முன்னர், யாருடன் விளையாட ஆசை என்று கேளுங்கள். இப்போது பிள்ளைகள் தத்தம் வீட்டில் இருந்தபடியே இணையத்தால் கூடி விளையாடுகிறார்கள். சில விளையாட்டுகளை வெவ்வேறு பெட்டி வைத்திருப்பவர்களும் சேர்ந்து ஆடலாம், வேறு சில ஒரே வகைப் பெட்டிக்குள்தான். எது எப்படி என்று உங்கள் மகனுக்கே தெரியும். அவன் விளக்கட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

மூலையில் இருக்கும் பழைய பெட்டியை எறிய வேண்டாம். அதில் எத்தனை பேர் ஒன்றாக விளையாடலாம் என்று பாருங்கள். இன்னொரு கைப்பிடி தேவையானால் பழைய சாமான் கடையில் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வீடு சிறிது, கதிரை இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளைகள் கதிரையைப் பார்ப்பதில்லை.

புதிது வாங்குவதானால் அவசரப்பட வேண்டாம். விலையை மட்டும் பார்த்தும், கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டும் வாங்க வேண்டாம். அதற்கு இன்னும் புது விளையாட்டுகள் வருகின்றனவா, நண்பர்களிடம் இரவல் வாங்கலாமா, முன்னைய வகையின் விளையாட்டுகள் அதில் ஓடுமா, இணையத்தில் கூடி விளையாட மாதாமாதம் வேறு காசு கட்ட வேண்டுமா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். முடியுமென்றால் எந்த மாதம் என்று சொல்லுங்கள், சொன்ன மாதத்தில் வாங்குங்கள். எமது பிள்ளைகள் "அடுத்த மாதம்", "அடுத்த வருசம்" என்ற சொற்களை முகாமிலும், விமான நிலையத்திலும், தொலைபேசியிலும் நிறையக் கேட்டுவிட்டார்கள். பிள்ளையிடம் இழக்கும் நாணயத்தை மீட்பதும் இலகுவல்ல.

மன்னார் அண்ணை 2003 இல் ஜேர்மனி போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்திய இரண்டு வருடமும் அவர் தொலைபேசியில் "வந்திடுவன்" என்று சொல்லவில்லை, கடதாசி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் மகனுக்குச் சொல்லி வந்தார். அவர் போன நேரம் அந்த வீட்டில் சொனிப் பெட்டியும் வந்திருந்தது. மாமன் வாங்கிக் கொடுத்ததாம். தோஹாவிலிருந்து போன பெட்டி அதற்குக் கீழ்த்தட்டில், நான்கு கைப்பிடிகளும் சுற்றிக் கட்டியபடி இருந்ததாக அண்ணை எமக்கு எழுதினார். வந்த அன்று இரவு மகனுடன் ஓர் ஆட்டம் ஆடித் தோற்றாராம்.

அடுத்த இதழில் பாடசாலைப் போக்குவரத்துச் சலுகை அட்டை பற்றி எழுதுவோம். உங்கள் கேள்விகளைத் தொடர்ந்து அனுப்புங்கள்.